குன்னூரிலிருந்து தாம்பரம் பக்கம் குடிபெயர்கிறோம்: ஒன்றரை லட்சம் போதுமா?

கேள்வி: தேயிலைச்சரிவு

அனைவருக்கும் வணக்கம். குன்னூர் பெட்போர்டுக்குக் கீழே, சாலையிலிருந்து படிகளில் இறங்கிச் செல்லவேண்டிய ஒரு வாடகை வீட்டில் நெடுங்காலமாக வசித்து வருகிறோம். என் கணவர் பணிபுரியும் நிறுவனம் அவரைச் சென்னைக் கிளைக்கு மாற்றியிருக்கிறது. சம்பளம் சற்றே கூடுகிறது என்றாலும், குடிபெயரும் செலவை நிறுவனம் ஏற்கவில்லை. மாமியாரும், வரும் கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்புக்குச் செல்லவிருக்கும் மகனும் உட்பட நாங்கள் நால்வர். தாம்பரத்தை அடுத்த சேலையூரில் மாதம் 16,000 ரூபாய் வாடகைக்கு இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வீட்டைப் பேசி வைத்திருக்கிறோம். வீட்டுக்காரர் ஐந்து மாத வாடகையை முன்பணமாகவும், தரகர் ஒரு மாத வாடகையைத் தரகாகவும் கேட்கிறார்கள்.

கொண்டுபோக வேண்டியவை என்று பார்த்தால் தேக்குக் கட்டில்கள் இரண்டு, இரும்பு பீரோ, பலகைகளைத் திருகாணியால் முடுக்கிய துணி அலமாரி, சோபா, ஃபிரிட்ஜ், முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின், புத்தகங்கள், கம்பளிகள், ஸ்கூட்டர் ஆகியவை இருக்கின்றன. இவற்றோடு மாமியார் பிள்ளைகளைப்போல் வளர்க்கும் ரோஜா, ஹைட்ரேஞ்சியா தொட்டிகளும் உண்டு.

இரண்டு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நிறுவனங்களிடம் விலை கேட்டோம். ஒருவர் தொலைபேசியிலேயே பட்டியலைக் கேட்டுக்கொண்டு 38,000 ரூபாய் என்றார். மற்றவர் வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு 61,000 ரூபாய் என்றார். அதே பொருள், அதே தூரம் என்றிருக்கும்போது இவ்வளவு வேறுபாடு ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை. மொத்தமாக ஒன்றரை லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். மே மாத விடுமுறையில் இறங்கிவிடலாம் என்பது திட்டம். இப்படிக் குடிபெயர்ந்த அனுபவம் உள்ளவர்கள் எங்கள் கணக்கில் எது விடுபட்டிருக்கிறது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: கோத்தகிரிக்காரர்

சகோதரி, பணி ஓய்வுக்குப் பின் கோத்தகிரியிலிருந்து குரோம்பேட்டைக்கு வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் அந்த விலை வேறுபாட்டுக்கு வருகிறேன். குன்னூரிலிருந்து சென்னைக்கு உள்ள ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தூரத்துக்கு டீசலும் சுங்கமும் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு உங்கள் வீட்டு வாசலிலிருந்து சாலை வரை உள்ள படிகளில் இருக்கிறது. தொலைபேசியில் விலை சொன்னவர் லாரி வாசலில் நிற்கும் என்று நினைத்துக்கொண்டு சொல்லியிருப்பார். பீரோவையும் ஃபிரிட்ஜையும் தோளில் சுமந்து படியேற்ற வேண்டும் என்பது அன்று காலை அவருடைய ஆட்கள் வந்து பார்க்கும்போதுதான் தெரியும். பாதிப் பொருள் வெளியே வந்த நிலையில் கூடுதல் கூலி கேட்டால், மறுக்கும் நிலையில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். ஆகவே 38,000 சொன்னவரிடம் படிகள், சாலை வரையிலான தூரம், பெரிய வண்டி நிற்க இடம் உண்டா, சேலையூர் வீடு எத்தனையாவது மாடி, அங்கே லிஃப்ட் இருக்கிறதா என்பதையெல்லாம் சொல்லி, வீட்டின் காணொளியையும் அனுப்பி, அதன்பிறகு எழுத்தில் விலை கேளுங்கள். சுங்கக் கட்டணம், இறக்குகூலி, கட்டிலைக் கழற்றி மாட்டும் கூலி ஆகியவை அதில் அடங்குமா என்பதையும், ஜிஎஸ்டி சேர்த்துச் சொன்ன விலையா என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். இத்தகைய நிறுவனங்கள் பொதுவாக 18 சதவீதம் வரி போடுகிறார்கள். 38,000 என்பது அந்த இடத்திலேயே 44,840 ஆகிவிடும்.

இனி உங்கள் ஒன்றரை லட்சத்தைப் பார்ப்போம். முன்பணம் 80,000, தரகு 16,000, முதல் மாத வாடகை 16,000 ஆக 1,12,000 ரூபாய், ஒரு பெட்டியைக்கூடக் கட்டுவதற்கு முன்பே போய்விடுகிறது. மீதியுள்ள 38,000 அந்தக் குறைந்த விலைக்குச் சரியாக இருக்கிறது, அதுவும் வரியில்லாமல். பள்ளிச் சேர்க்கைக் கட்டணம், நீங்கள் நால்வரும் சென்னை செல்லும் செலவு, இறங்கிய வாரத்தில் வெளியே சாப்பிடும் செலவு எதற்கும் அதில் இடமில்லை. குன்னூர் வீட்டு முன்பணம் திரும்ப வருமே என்று நீங்கள் நினைக்கலாம். அது சாவியைக் கொடுத்தபின், பெயின்டுக்கும் பழுதுக்கும் பிடித்தம் போக, வீட்டுக்காரருக்குக் கைகூடும் நாளில் வருவது. குடிபெயர்வதில் பெரும்பாலோர் திணறுவது செலவின் அளவால் என்பதைவிட, கொடுக்கும் தேதிக்கும் வரும் தேதிக்கும் இடையே ஏற்படும் இடைவெளியால்தான் என்பது என் எண்ணம். எனவே கணக்கை இனம் வாரியாக எழுதாமல் தேதி வாரியாக எழுதிப் பாருங்கள். எந்த வாரத்தில் கை வறண்டு போகும் என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

முன்பணத்தைக் குறைத்துக் கேட்க உங்களுக்கு ஒரு பிடிமானம் உண்டு. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் மூன்று மாத வாடகையையே முன்பண அளவாகக் குறிப்பிடுகிறது. இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அதையும் அந்தச் சட்டம் ஏற்பதால் சட்டத்தைக் காட்டி வீட்டுக்காரரை மிரட்ட முடியாது, அது அழகும் அல்ல. ஆனால் மூன்று மாதத்தை இப்போதும், மீதி இரண்டை ஆறு மாதம் கழித்தும் தருகிறோம் என்று பேசலாம். அது படிந்தால் 32,000 ரூபாய் உடனடியாகக் கையில் நிற்கும். உங்கள் பிரச்சினையில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதிவும் செய்துகொள்ளுங்கள், பிற்பாடு முகவரிச் சான்றுக்கும் அதுவே உதவும்.

பதில்: மேட்டுப்பாளையம் லாரி

அம்மா, நான் மலைப்பாதையில் வண்டி ஓட்டியவன், இப்போது சொந்தமாக இரண்டு வண்டி வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் மே மாதத்தைத்தான் முதலில் மாற்றச் சொல்வேன். சீசனில் மேலே ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழியாகத் திருப்பிவிடுவது வழக்கம் என்பது உங்களுக்கே தெரியும். குன்னூரில் ஏற்றிய லோடு பர்லியார் வழியாக நேரே இறங்காமல் கோத்தகிரியைச் சுற்றிக்கொண்டு இறங்க நேர்ந்தால், அரை நாள் சாலையிலேயே போகும். மலர்க் கண்காட்சி, சிம்ஸ் பூங்காப் பழக் கண்காட்சி நடக்கும் வார இறுதிகளில் பெரிய வண்டிகளுக்குக் கட்டுப்பாடுகளும் கூடும். 2024 மே 7 முதல் வெளிமாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வேறு வந்திருக்கிறது. சென்னையிலிருந்து காலி வண்டி மேலே வருவதானால் அனுமதி எடுப்பது யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அந்தத் தாமதத்தின் காத்திருப்புக் கூலியை உங்கள் தலையில் கட்டிவிடக் கூடாது.

பையனின் தேர்வு முடிந்ததும் ஏப்ரல் நடுவிலேயே இறங்கிவிட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் ஜூன் தொடக்கத்தையும் யோசிக்கலாம். கூடலூர்ப் பக்கம்போல் தென்மேற்குப் பருவமழை குன்னூர் மலைப்பாதையில் பெரிதாகப் பெய்வதில்லை. நமக்குப் பயம் எல்லாம் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். 2009 நவம்பரில் சரிவுகள் விழுந்து பலர் மாண்டதையும், சாலை துண்டிக்கப்பட்டு நின்றதையும் இங்குள்ளவர்கள் மறக்க மாட்டார்கள்.

வண்டியைப் பொறுத்தவரை, உங்கள் சாமானுக்கு 14 அடி மூடுவண்டி தாராளமாகப் போதும். அதைவிடப் பெரிய வண்டியை அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால், அதில் வேறொருவர் பொருளும் ஏறப்போகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். அப்படிப் பங்கு லோடாகப் போவது மலிவுதான், ஆனால் நடுவில் ஒரு கிடங்கில் இறக்கி ஏற்றுவார்கள். பொருள் எந்த நாளில் வந்து சேரும் என்பதும் உறுதியில்லை. சிலர் செலவைக் குறைக்க இன்னொரு யோசனையும் சொல்வார்கள்: குன்னூரிலிருந்து ‘சின்ன யானை’ எனப்படும் மினி லாரியில் இரண்டு நடையாக மேட்டுப்பாளையம் வரை இறக்கி, அங்கிருந்து சென்னைக்குத் திரும்பிப் போகும் ஏதாவது ஒரு லாரியில் ரிட்டன் லோடாக ஏற்றிவிடலாம் என்பார்கள். மேட்டுப்பாளையம் காய்கறி மண்டி ஊர் என்பதால் வண்டி கிடைப்பது கடினமில்லை, வாடகையும் கணிசமாகக் குறையும். அது எனக்கு வருமானம் தரும் வேலைதான் என்றாலும், மாமியாரோடும் பள்ளிப் பிள்ளையோடும் போகிற வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணாடிப் பாத்திரமும் டிவியும் உடைவது பெரும்பாலும் சாலையில் அல்ல, வண்டி மாற்றும் இடத்தில்தான்.

ஏற்றும்போது கூடவே நின்று ஒன்றைப் பாருங்கள். பீரோவும் ஃபிரிட்ஜும் ஓட்டுநர் அறையை ஒட்டி முன்பக்கச் சுவரோடு சேர்த்து, நிமிர்த்தியே கட்டப்பட வேண்டும். சமவெளியில் லோடு போட்டுப் பழகியவர்கள் கனமான பொருளை நடுவில் வைத்து, மேலே ஒரு கயிற்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கீழே இறங்கும்போது வண்டியின் பாரம் முழுவதும் முன்னே தள்ளும். மேட்டுப்பாளையம் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் இடமும் வலமுமாக ஆடும். நடுவில் இடைவெளி இருந்தால் பீரோ சோபாவின் மேல் வந்து உட்கார்ந்துவிடும். பெட்டிகளுக்கு நடுவில் உள்ள சந்துகளில் கம்பளி, தலையணைகளைத் திணித்துவிட்டால் அதற்கெனத் தனியாகப் பெட்டியும் தேவைப்படாது.

காலையில் ஏற்றத் தொடங்கி, பகல் வெளிச்சத்தில் மலையை இறங்கிவிட வேண்டும். அதன்பின் அன்னூர், அவிநாசி, பவானி, சேலம், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், செங்கல்பட்டு என்று இரவோடு இரவாக ஓடினால் மறுநாள் காலையில் தாம்பரம். சென்னை மாநகருக்குள் பகலில் பெரிய வண்டிகளுக்கு நேரக்கட்டுப்பாடு இருப்பதால், சேலையூரில் உங்கள் தெருவுக்குள் எந்த நேரத்தில் வண்டி வரலாம் என்று அங்குள்ளவர்களிடம் கேட்டு வையுங்கள். பயன்படுத்திய வீட்டுப் பொருள்களுக்கு, சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டியில் எடுக்கும் மின்னணுச் சீட்டான இ-வே பில் தேவையில்லை. அதற்கென்று யாராவது தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனாலும் பொருள்பட்டியல் ஒன்றைக் கையெழுத்திட்டு ஓட்டுநரிடம் கொடுத்துவிடுங்கள், வழியில் நிறுத்திக் கேட்டால் காட்ட உதவும்.

பதில்: வெலிங்டன் பெண்

அக்கா, நான் வெலிங்டனில் பிறந்து வளர்ந்து, திருமணத்துக்குப் பின் சேலையூர்ப் பக்கமே வந்து சேர்ந்தவள். மேலே உள்ள இருவரும் லாரியைப் பற்றி எழுதிவிட்டார்கள்; நான் லாரியில் ஏற்றக் கூடாதவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் சீலிங் ஃபேன் ஒன்றாவது இருக்கிறதா? மலை வீடுகள் பலவற்றில் அதற்கான கொக்கிகூட இருக்காது. சென்னையில் வாடகை வீடுகள் பலவற்றை மின்விசிறி இல்லாமல்தான் கொடுக்கிறார்கள். போன குடித்தனக்காரர் தமது விசிறிகளைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார். ஏப்ரல், மே மாதத்தில் இறங்குபவர்கள் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் வாங்கவேண்டிய முதல் பொருள் அதுதான். கூடத்துக்கும் இரண்டு படுக்கையறைக்கும் மூன்று, அவற்றை மாட்ட எலக்ட்ரீஷியன் கூலி, கொசுவலை, குடிநீர் கேன் என்று இந்த முதல் நாள் செலவுக்குப் பத்தாயிரத்தைத் தனியே எடுத்து வையுங்கள். ஏசியை உடனே வாங்காதீர்கள். மலையில் பழகிய உடம்புக்கு முதல் கோடை கடுமையாகத்தான் இருக்கும் என்பதால் அத்தைக்காக ஓர் அறைக்கு மட்டும் வாடகை ஏசி போட்டுக்கொண்டு, அடுத்த ஆண்டு முடிவு செய்யலாம். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது என்பதும், பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு முந்தைய யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை விழும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

திருகாணி போட்டு முடுக்கிய அந்த அலமாரியைத் தயவுசெய்து அங்கேயே விற்றுவிடுங்கள். குன்னூரின் ஈரத்தில் அந்தப் பலகை உள்ளே உப்பியிருக்கும். கழற்றும்போது திருகாணியோடு மரத்தூளும் சேர்ந்து உதிர்ந்து வரும், மறுபடி மாட்டினால் அந்தத் துளை திருகாணியைப் பிடிக்காது. அலமாரியைச் சுவரிலிருந்து சற்று நகர்த்திப் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், மாவு பூசியதுபோல் பூஞ்சை கையில் ஒட்டும். அதைக் கூலி கொடுத்துப் படியேற்றி, வாடகை கொடுத்து ஐந்நூறு கிலோமீட்டர் கொண்டுவந்து குப்பையில் போடுவானேன்? ஒவ்வொரு பொருளுக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இதைச் சுமந்து வரும் செலவுக்கு அங்கே பழையது ஒன்று கிடைக்குமா? தேக்குக் கட்டில்களைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். சென்னை வெயிலில் மரம் சுருங்கி இணைப்புகள் முதலில் கிரீச்சிடும். ஒரு கோடை கழித்து மரவேலைக்காரரை வைத்து முடுக்கிக்கொண்டால் போதும்.

கம்பளி, ரஜாய், கனமான ஸ்வெட்டர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வராதீர்கள். ஆளுக்கு ஒன்று போதும், ஊருக்கு வரும்போது உதவும். கட்டுவதற்கு முன் அவற்றையும் புத்தகங்களையும் தோல் செருப்புகளையும் நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைக்க வேண்டும். மஞ்சு இறங்கும் மாலையில் திண்ணையில் அடுக்கிவைத்த அட்டைப்பெட்டி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, தூக்கும்போது அடிப்பகுதி பிய்ந்துவிடும். பெட்டிகளை வீட்டுக்குள் பலகை மேல்தான் அடுக்க வேண்டும். புத்தகங்களுக்குச் சிறிய பெட்டிகளையே பயன்படுத்துங்கள். படியேறும் ஆள் ஒருவர் தனியாகத் தூக்க முடியாத பெட்டி எதுவும் இருக்கக் கூடாது.

வாஷிங் மெஷின் வாங்கியபோது டிரம்மைப் பூட்டப் பின்னால் போட்டிருந்த நீளமான போல்ட்டுகளைக் கழற்றி எங்காவது வைத்திருப்பீர்கள். அவற்றைத் தேடியெடுத்து மறுபடி மாட்டாமல் அதை லாரியில் ஏற்ற வேண்டாம். ஃபிரிட்ஜை முந்தைய நாளே அணைத்துப் பனியை உருக்கிவிடுங்கள். இறக்கிய பின் சில மணி நேரம் நிற்கவைத்து, அதன்பிறகே மின்சாரம் கொடுங்கள்.

கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றமாட்டார்கள், ஏற்றவும் கூடாது. குன்னூர் ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, வைப்புத் தொகையையும் இடமாற்றச் சீட்டையும் வாங்கிக்கொண்டு சேலையூரில் கொடுத்தால் இணைப்பு தொடரும். இங்கே ஒரு சிறு செலவு ஒளிந்திருக்கிறது: திரும்ப வருவது நீங்கள் அன்று கட்டிய பழைய தொகை, புதிதாகக் கட்டுவதோ இன்றைய தொகை. 2022 ஜூனில் ஒரு 14.2 கிலோ சிலிண்டருக்கான வைப்பை 2,200 ரூபாயாக உயர்த்தினார்கள். இரட்டைச் சிலிண்டர் என்றால் அதற்கேற்பக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கூட்டரை லாரியில் ஏற்ற இடமில்லை என்றால் கோவை ரயில் நிலையப் பார்சல் அலுவலகத்தில், ஆர்சி நகலும் அடையாள அட்டையும் கொடுத்து, பெட்ரோலை முழுதும் வடித்துவிட்டு அனுப்பலாம். ஒரே மாநிலம் என்பதால் மறுபதிவு தேவையில்லை, ஆர்சியில் முகவரியை மாற்றினால் போதும். டிஎன் 43 எண் அப்படியே இருக்கும். நீலகிரிப் பதிவெண் வண்டிகளுக்கு இ-பாஸ் கிடையாது என்பதால், அந்த எண்ணை வைத்திருக்கும் எங்களைப் பார்த்துச் சென்னை உறவினர்கள் சீசன் நேரத்தில் பொறாமைப்படுவது தனிக்கதை.

தொட்டிகளைப் பற்றி அத்தையிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். ஹைட்ரேஞ்சியா இந்த வெயிலில் ஒரு கோடையைத் தாண்டாது, ஈரமண் நிறைந்த தொட்டி கனமும் அதிகம். ரோஜாவில் மட்டும் இரண்டு பதியன் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு வரலாம்.

தேயிலைச்சரிவு எழுதியது

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு தேதி வாரியாகக் கணக்கு எழுதிப் பார்த்தோம். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் கை வறண்டுபோவது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. வீட்டுக்காரரிடம் பேசியதில் நான்கு மாத முன்பணத்துக்கு இறங்கி வந்திருக்கிறார். அலமாரியையும் ரூம் ஹீட்டரையும் பழைய சோபாவையும் இங்கேயே விற்க முடிவு செய்துவிட்டோம். அவற்றை நீக்கிய பட்டியலோடும் படிகளின் காணொளியோடும் மறுபடி கேட்டபோது, 38,000 சொன்னவர் 49,000 என்கிறார். வந்து பார்த்துச் சென்றவர் வரியுட்பட 52,000 என்கிறார். வந்து பார்த்தவரிடமே கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். அவர் இன்ஷூரன்ஸ் என்று தனியாக ஒரு தொகை போட்டிருக்கிறார். அது அவசியந்தானா? பொருள் சேதமானால் அவர்களே பொறுப்பேற்க மாட்டார்களா?

பதில்: கோத்தகிரிக்காரர்

நல்ல முடிவு, சகோதரி. இன்ஷூரன்ஸ் விஷயத்தில் சட்டத்தின் நிலை இதுதான். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ், பொருளின் மதிப்பை முன்கூட்டி அறிவித்து அதற்குரிய கூடுதல் கட்டணத்தைக் கொடுத்திருந்தாலன்றி, சேதத்துக்குச் சரக்கு நிறுவனத்தின் பொறுப்பு நீங்கள் கொடுத்த சரக்குக் கூலியின் பத்து மடங்கு வரைதான். உங்கள் விஷயத்தில் அந்த வரம்பே போதுமான அளவு பெரியது. ஆகவே நிறுவனம் அச்சட்டப்படி பதிவு பெற்றதா என்பதையும், உங்களுக்குத் தரும் சீட்டில் கூலி முழுத்தொகையாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பாதியை ரொக்கமாக வாங்கிக்கொண்டு சீட்டில் குறைத்து எழுதினால், உங்கள் ஈட்டுரிமையும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். தனி இன்ஷூரன்ஸ் என்று அவர்கள் சொல்வது காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசியா, அவர்களே வைத்துக்கொள்ளும் தொகையா என்று கேளுங்கள். பாலிசி எண்ணைக் காட்டினால் டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவற்றுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். காட்டாவிட்டால் அந்தத் தொகையை நீக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சேதமோ இழப்போ நேர்ந்தால், சரக்கை அனுப்பப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருந்தால்தான் வழக்கு நிற்கும். ஆகவே ஏற்றுவதற்கு முன் பெரிய பொருள்களின் நான்கு பக்கங்களையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். பெட்டிகளுக்கு எண் போட்டு, பட்டியலின் ஒரு நகலில் ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்குங்கள். சேலையூரில் இறக்கும்போது ஒருவர் லாரியின் அருகில் நின்று எண்களைச் சரிபார்க்க வேண்டும், மற்றவர் வீட்டுக்குள் நின்றால் போதும். மீதிப் பணத்தைக் கேட்டு அவசரப்படுத்துவார்கள். டிவியின் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஏதேனும் குறையிருந்தால் அவர்களுடைய டெலிவரி சீட்டிலேயே எழுதிக் கையெழுத்திட்டபின் கொடுங்கள்.